மாவீரர் நாள் பற்றி நம் தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் கேரளத்துக் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் பக்கம் நம் ரப்பர் தோட்டக் குடியிருப்புகளில் ஒரே பேச்சுதான். யாராவது போனில் ஒரு வீடியோ அனுப்புவார்கள். வரிசை வரிசையாகச் சுடர், பக்கத்தில் அழுகிற அம்மாக்கள். கூடவே சண்டையும் வந்துவிடும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பெரியவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். பக்கத்து வீட்டு மலையாளிகளுக்குச் சந்தேகம்.

வாசகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவன் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடம் வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் எந்த இயக்கத்துக்காரனும் கிடையாது. ஆனால் எனக்கென்று கருத்து உண்டு, அது அங்கங்கே தலைகாட்டும்.

"அண்ணே, மாவீரர் நாள்னா என்ன?"

இலங்கைப் போரில் இறந்த தங்கள் போராளிகளை நினைக்க விடுதலைப் புலிகள் இயக்கம் குறித்த நாள், நவம்பர் 27. 1982-இல் அதே தேதியில் இறந்த சங்கர் என்கிற சத்தியநாதன்தான் இயக்கத்தின் முதல் சாவு. யாழ்ப்பாணத்தில் குண்டுக் காயம்பட்டவரைப் படகில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மதுரையில் உயிர் போனது. நாளாக அனுசரிக்க ஆரம்பித்தது 1989-இல்.

மாலை 6.05-க்கு மணி அடிக்கும். 6.06-க்கு அகவணக்கம், அதாவது மௌனம். 6.07-க்குப் பொதுச்சுடர் ஏற்றுவார்கள். அதோடு சேர்த்து ஒவ்வொரு கல்லறை முன்னாலும் அந்தந்த வீட்டுக்காரர் சுடர் ஏற்றுவார். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஈழத்தமிழர்கள் பெரும்பாலும் மணி, மௌனம், சுடர் என்ற இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

"அது பிரபாகரனோட பொறந்த நாள்தானே?"

பிறந்த நாள் 26. மாவீரர் நாள் 27. அடுத்தடுத்து வருவதால் குழப்பம், வேண்டுமென்றே குழப்புகிறவர்களும் உண்டு. ஆனால் 27-ஆம் தேதி மாலை அவர் வானொலியில் பேசுவார். வருஷத்துக்கு ஒரு முறை வரும் அந்தப் பேச்சை வைத்துத்தான் அடுத்தது போரா பேச்சுவார்த்தையா என்று கொழும்பும் டெல்லியும் கணக்குப் போடும். கடைசிப் பேச்சு 2008-இல்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற பல கேள்விகளுக்கு இதுதான் வேர். பிள்ளையை இழந்த வீட்டின் துக்கமும் ஓர் இயக்கத்தின் அரசியல் அறிவிப்பும் ஒரே மாலையில், ஒரே மைதானத்தில் நடந்தன. இரண்டையும் பிணைத்தது இயக்கமே. இன்றைக்குப் பிரிக்கப் பார்த்தால் சுலபத்தில் பிரியவில்லை.

"நிங்கள் சிலோன்காரங்க எல்லாரும் புலி ஆளுங்கதானே?" (பக்கத்து வீட்டுச் சேட்டன்)

இல்லை சேட்டா. நாங்கள் மலையகத்துத் தமிழர். எங்கள் பாட்டன் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். நுவரெலியா, அட்டன், பதுளை பக்கம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் காலங்காலமாக இருக்கிற ஈழத்தமிழர் வேறு. 1948-இல் இலங்கை அரசு எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படித் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சிதறியவர்கள்தான் நாங்கள். சிலர் நீலகிரி தேயிலைக்கு, சிலர் கவி ஏலத்தோட்டத்துக்கு, சிலர் கர்நாடகத்து சுள்ளியா ரப்பருக்கு, சிலர் ஆந்திரத்து நூல் ஆலைகளுக்கு. புனலூரில் நம் மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி 1976-இல் ஆரம்பித்தது. போர் வெடித்தது 1983 ஜூலையில். அதற்கு முன்னாலேயே இங்கே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் நம் குடியிருப்பில் பாதிப்பேர். மலையகத்தின் பெரிய தலைவரான தொண்டமானும் தனிநாட்டுக் கோரிக்கையில் சேரவில்லை.

"அப்போ நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இயக்கத்துல இல்லையா மாமா?"

இருந்தார்கள். இதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. 1977-லும் 1983-லும் கலவரத்தில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் எல்லாமே இந்தியாவுக்கு வரவில்லை. பல குடும்பங்கள் வடக்கே வன்னிக் காட்டோரம் போய்க் குடியேறின. கிளிநொச்சி மாவட்டத்து மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்கள் அப்படி வளர்ந்தவை. அங்கே அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, கூலி வேலைதான். 'தோட்டக்காட்டான்' என்ற ஏளனமும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இயக்கத்தில் சேர்ந்தார்கள், பின்னாளில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன்பே ஈரோஸ் என்ற இயக்கம் மலையகத்தையும் தன் திட்டத்தில் சேர்த்திருந்தது.

ஆகவே மேலே சேட்டனுக்குச் சொன்ன பதில் முக்கால்வாசிதான் சரி. கப்பல் ஏறிய அண்ணன் இங்கே ரப்பர் வெட்டினார், ஏறாத தம்பியின் மகன் அங்கே துப்பாக்கி தூக்கினான் என்கிற குடும்பங்கள் நமக்குள்ளேயே இருக்கின்றன. நவம்பரில் நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒன்றிரண்டு வீட்டுக்குள் விளக்கு எரிவதற்குக் காரணம் இதுதான்.

"துயிலும் இல்லம்னா சுடுகாடா? இந்துக்காரங்களை எதுக்குப் புதைச்சாங்க?"

நல்ல கேள்வி. துயிலும் இல்லம் என்றால் இறந்த போராளிகளை இயக்கம் புதைத்த மயானம். ஆரம்பத்தில் எரித்தார்கள், அல்லது உடலை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் கோப்பாயிலிருந்து புதைக்கும் வழக்கம் பரவியது. சாதி, மதம் எதுவும் பார்க்காமல் ஒரே அளவுக் கல்லறை, ஒரே நேர் வரிசை. கல்லில் பதவி, இயக்கப் பெயர், சொந்தப் பெயர், ஊர், இறந்த தேதி. உடல் கிடைக்காதவர்களுக்கு நடுகல். 'புதைத்தோம்' என்று சொல்ல மாட்டார்கள், 'விதைத்தோம்' என்பார்கள். வடக்கு கிழக்கு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட துயிலும் இல்லங்கள் எழுந்தன: கிளிநொச்சியில் கனகபுரம், முல்லைத்தீவில் விசுவமடு, முள்ளியவளை, மன்னாரில் ஆட்காட்டிவெளி, மட்டக்களப்பில் மாவடி முன்மாரி, அம்பாறையில் கஞ்சிகுடிச்சாறு. 2008 நவம்பரில் இயக்கம் சொன்ன கணக்கு 22,000-க்கும் மேல். அதற்குப் பிறகு இறந்தவர்களை எண்ண ஆளில்லை.

சாதிக்கொரு சுடுகாடு வைத்திருந்த சமூகத்தில் எல்லோரையும் ஒரே வரிசையில் கிடத்தியது பெரிய விஷயம் என்பது என் எண்ணம். அதே நேரத்தில் அந்த வரிசைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவார்கள். செத்தால் இந்த மரியாதை கிடைக்கும் என்று அந்த வரிசை சொல்லாமல் சொல்லும். ஆள் சேர்க்க அதைவிடப் பெரிய பிரசாரம் தேவையில்லை.

நடுகல் என்பது புலிகள் கண்டுபிடித்ததும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்துக் கற்களைப் பார்க்கலாம். எடுத்தனூரில் ஒரு கல், மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. எந்த அரசனுக்காக அந்தச் சண்டை என்பதை இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்தான் சொல்ல வேண்டும். நாயின் பெயர் கல்லில் பத்திரமாக இருக்கிறது.

"அந்தக் கல்லறையெல்லாம் இடிச்சுட்டாங்களாமே, பொணத்து மேல என்ன கோவம்?"

1995 கடைசியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போனதும் கோப்பாய் இல்லம் சிதைக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தில் மக்கள் மறுபடி கட்டினார்கள். 2009-இல் போர் முடிந்ததும் புல்டோசர் விட்டு எல்லா இல்லங்களையும் தரைமட்டமாக்கினார்கள். கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தைக் கட்டி 2011-இல் திறந்தார்கள். அடியில் எலும்பு, மேலே முகாம்.

அரசு சொன்ன காரணம் பயங்கரவாதத்தின் சின்னம் இருக்கக் கூடாது என்பது. பதிலுக்கு அரசு தன் சின்னங்களை வைத்தது. கிளிநொச்சியில் கான்கிரீட் கனசதுரத்தைத் துளைத்து நிற்கும் பெரிய துப்பாக்கிக் குண்டு, மேலே தாமரை. புதுக்குடியிருப்பில் துப்பாக்கி உயர்த்திய சிப்பாய் சிலை. அந்த ஊர்க்காரர் தினமும் அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும்.

இடித்ததால் ஞாபகம் போய்விட்டதா என்றால் இல்லை. 2016-இல் கனகபுரத்தில் மக்கள் புதரை வெட்டி, உடைந்த கல்லறைத் துண்டுகளைக் குவித்து வைத்து விளக்கு ஏற்றினார்கள். பிறகு ஒவ்வொரு ஊராகப் பரவியது. என் கணிப்பில் கல்லறைகளை அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு அவை பாசி பிடித்த மயானமாக, வீட்டுக்காரர் மட்டும் போகிற இடமாக ஆகியிருக்கும். இடித்தவர்கள்தான் அந்த இடங்களுக்குப் புது உயிர் கொடுத்தார்கள்.

"சிங்களப் புரட்சிக்காரங்களுக்கு மட்டும் எப்படிப் பகிரங்கமா விழா எடுக்கிறாங்க?"

ஜே.வி.பி.யைச் சொல்கிறீர்கள். 1971 ஏப்ரலிலும், 1987 முதல் 1989 வரையிலும் இரண்டு முறை அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கிய சிங்கள இளைஞர் இயக்கம். இரண்டாவது முறை அவர்களும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், அரசும் பல பத்தாயிரம் இளைஞர்களைக் கொன்று டயர் போட்டு எரித்தது. தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பர் 13-இல் பிடிபட்ட நிலையில் கொல்லப்பட்டார். ஒவ்வொரு நவம்பர் 13-ஆம் தேதியும் கொழும்பில் செங்கொடியோடு மாவீரர் நினைவு விழா நடக்கிறது. அதே மாதம், இரண்டு வார இடைவெளி.

அவர்கள் 1994-க்குப் பிறகு தேர்தலுக்கு வந்தார்கள், நாட்டைப் பிரிக்கக் கேட்கவில்லை, அதனால் அனுமதி என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு விளக்கம் ஆகாது. செத்தவர் எந்த மொழிக்காரர் என்பதும் கணக்கில் வந்தது என்றே நான் நினைக்கிறேன். இப்போது 2024 செப்டம்பரில் அந்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவே ஜனாதிபதி ஆகிவிட்டார். அந்த நவம்பரில் இறந்தவர்களை நினைக்கலாம், புலிச் சின்னமோ தலைவர் படமோ கூடாது என்று அரசு சொன்னது. பல இல்லங்களில் பெருங்கூட்டம் கூடியது. சமூக வலைத்தளத்தில் படம் போட்ட சிலரைப் பிடிக்கவும் செய்தார்கள்.

"எங்க ரக்தசாட்சி (தியாகி) மண்டபம் மாதிரிதானே இதுவும்?"

பாதி ஒற்றுமை உண்டு. ஆலப்புழையில் வலிய சுடுகாட்டுக்கு ஒவ்வொரு அக்டோபரும் ஊர்வலம் போகிறது. 1946-இல் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் பட்டாளத்தை வாரிக்குந்தம் (கமுகு ஈட்டி) பிடித்து எதிர்த்துச் செத்த புன்னப்புரா வயலார் ஆட்களுக்காக. அவர்களையும் அன்றைய அரசு கலகக்காரர் என்றுதான் சொன்னது. 1957-இல் அவர்களுடைய கம்யூனிஸ்ட் கட்சியே ஆட்சிக்கு வந்தது. பின்னாளில் மத்திய அரசும் அதைச் சுதந்திரப் போராட்டமாக ஏற்றுக்கொண்டது. ஈழத்தில் அப்படி ஒரு 1957 வரவே இல்லை.

நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் வயநாட்டு நக்சலைட் தலைவர் வர்கீஸ். 1970 பிப்ரவரியில் திருநெல்லிக் காட்டில் போலீஸ் மோதலில் செத்தார் என்று எழுதி மூடினார்கள். 1998-இல் ராமச்சந்திரன் நாயர் என்ற கான்ஸ்டபிள், மேலதிகாரி உத்தரவில் கட்டிவைத்த ஆளை நானே சுட்டேன் என்று வெளியே சொன்னார். 2010-இல் அந்த மேலதிகாரி லட்சுமணாவுக்குத் தண்டனை கிடைத்தது. நாற்பது வருஷம் ஆனாலும் நடந்தது என்ன என்று ஒரு கோர்ட் சொன்னது. வர்கீஸின் அரசியலை ஏற்காதவர்கள்கூட அந்தத் தீர்ப்பை ஏற்றார்கள். ஈழத்துக் குடும்பங்கள் கேட்பதில் பெரும்பங்கு இதுதான்.

"புலி அல்லாத இயக்கக்காரங்களும் செத்தாங்களே, அவங்களுக்கு யார் விளக்கு ஏத்துறா?"

அவரவர் ஆட்கள்தான், சின்னக் கூட்டமாக. டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., புளொட், ஈரோஸ் என்று நிறைய இயக்கங்கள் இருந்தன. 1986 ஏப்ரல், மே மாதங்களில் டெலோ ஆட்களைப் புலிகள் தேடித் தேடிக் கொன்றார்கள். தலைவர் சிறீசபாரத்தினம் மே 6-இல் சுடப்பட்டார். ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் கூட இருந்தவர்களும் 1990 ஜூன் 19-இல் சென்னை கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்சி ஜூன் 19-ஐத் தியாகிகள் தினமாக வைத்திருக்கிறது. புளொட் ஜூலை நடுவில் வீரமக்கள் தினம் அனுசரிக்கிறது. யாழ் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியை ரஜனி திராணகம, எல்லாத் தரப்புக் கொலைகளையும் எழுதி வைத்தவர், 1989 செப்டம்பர் 21-இல் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். அவருக்கு எந்த இயக்கத்தின் வரிசையிலும் இடம் இல்லை.

துயிலும் இல்லத்து வரிசைகள் எவ்வளவு நேராக இருந்தாலும், அந்த வரிசைக்கு வெளியே விடப்பட்ட இவர்களைச் சேர்க்காமல் எழுதுகிற எந்தக் கணக்கும் எனக்குக் குறைக் கணக்குதான்.

"பள்ளிவாசல்ல தொழுதவங்களைக் கொன்னாங்கன்னு என் கூட்டாளி சொல்றான். நிஜமா?"

நிஜம். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடி. இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், சிறுவர்கள் உட்பட. புலிகள் பொறுப்பேற்கவில்லை, தப்பியவர்கள் புலிகளைத்தான் சொல்கிறார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தமிழையே வீட்டில் பேசிய எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புத்தளத்து முகாம்களில் பல வருஷம் கிடந்தார்கள். 2002-இல் இயக்கம் இதற்கு வருத்தம் தெரிவித்தது, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டாளி வீட்டுக்குப் போய் "நீ சொன்னது சரி" என்று சொல்லிவிட்டு வா, தம்பி.

"பிள்ளைகளைப் பிடிச்சிட்டுப் போனாங்களாமே, அந்த அம்மாவும் விளக்கு ஏத்துவாங்களா?"

ஏற்றுவார்கள். இதைப் புரிந்துகொள்ளத்தான் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சேர்த்ததை யுனிசெஃப் ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருக்கிறது. கடைசிக் காலத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயம் ஆக்கினார்கள். பிள்ளையை ஒளித்து வைக்கத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் உண்டு, அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் உண்டு. பிடித்துப் போன பிள்ளை சில வாரங்களில் உடலாகக்கூட வராமல் போனது.

அந்தத் தாய்க்கு நவம்பர் 27-ஐ விட்டால் வேறு நாள் இல்லை, வேறு இடமும் இல்லை. இறந்த தேதி தெரியாது, திதி கொடுக்க வழி இல்லை. அவள் இயக்கத்தைச் சபித்துக்கொண்டே அங்கே வருவாள். பக்கத்துக் கல்லறையில் தானே விரும்பிப் போன மகளுக்காகப் பெருமையோடு ஒரு தாய் நிற்பாள். வீடியோவில் பார்த்தால் இரண்டு சுடரும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அங்கே கூடுகிற கூட்டத்தின் தலையை எண்ணி இத்தனை பேர் புலி ஆதரவாளர் என்று சொல்கிற சென்னைப் பேச்சாளரையும் கொழும்பு அமைச்சரையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்.

"என் அச்சனோட அண்ணன் ஐ.பி.கே.எஃப்.ல போய் அங்க செத்தார். அவரைக் கொன்னவங்களுக்கு நீங்க விளக்கு வைக்கிறீங்களா?"

இது எனக்கு வந்ததிலேயே கனமான கேள்வி. கேட்டவர் அஞ்சல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், கோபமாகக் கேட்கவில்லை.

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதி காக்கப் போன இந்தியப் படை (ஐ.பி.கே.எஃப்.) அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பியபோது 1,100-க்கு மேற்பட்ட சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். அந்தப் போரில் பரம் வீர் சக்கரம் பெற்ற ஒரே ஆள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், ஒரு தமிழர். இறந்தது 1987 நவம்பர் 25. மாவீரர் நாளுக்கு இரண்டு நாள் முன்னால். இந்தச் சிப்பாய்களின் பெயர்கள் கொழும்பு நாடாளுமன்றம் பக்கத்து நினைவிடத்தில் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் பிரதமர்கள் போனால் மலர்வளையம் வைக்கிறார்கள். ஆனால் இங்கே ஊரில் அந்த வீடுகளை யாரும் விசாரிப்பதில்லை. 1990-இல் சென்னைத் துறைமுகத்தில் திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் போகவில்லை.

அங்கே இன்னொரு ஞாபகமும் இருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியச் சிப்பாய்கள் நோயாளிகளோடு டாக்டர்கள், நர்சுகள் என 21 ஊழியர்களையும் கொன்றார்கள். ஆஸ்பத்திரியில் வருஷாவருஷம் அவர்கள் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அதே மாதம் 10-ஆம் தேதி கோப்பாயில் இந்தியப் படையோடு மோதிச் செத்தவர்தான் மாலதி, புலிகளின் முதல் பெண் சாவு. உங்கள் பெரியச்சனுக்கு எதிரே நின்றது மாலதி மாதிரி இருபது வயதுப் பெண்ணாக இருந்திருக்கலாம். இரண்டு வீட்டிலும் படம் தொங்குகிறது. உங்கள் வீட்டுப் படத்துக்கு விளக்கு வைக்கிற நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

"ராஜீவ் காந்தியைக் கொன்ன இயக்கம். இங்க இதை நினைச்சாலே குற்றம் இல்லையா?"

1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு போலீஸ்காரர்களும் பொதுமக்களும் செத்தார்கள். 1992 மே 14 முதல் புலிகள் அமைப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2024 மே மாதத்தில் மறுபடி ஐந்து வருஷம் நீட்டினார்கள். யு.ஏ.பி.ஏ. என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டப்படி அந்த அமைப்பில் சேர்வது, அதற்கு ஆதரவு திரட்டுவது, கூட்டம் போடுவது, பணம் வசூலிப்பது எல்லாம் குற்றம். 2002-இல் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 19 மாதம் சிறையில் இருந்தார். பொடா வழக்கில் 2003 கடைசியில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் எண்ணம் இருந்தால்தான் குற்றம் என்று விளக்கியது.

நான் வக்கீல் இல்லை. என் புத்திக்கு எட்டியது: செத்துப்போன தம்பி மகனுக்கு வீட்டில் விளக்கு வைப்பது துக்கம். கொடி கட்டுவது, உண்டியல் குலுக்குவது வேறு. எவனாவது வெளியூரிலிருந்து வந்து ரசீதுப் புத்தகம் நீட்டினால் கதவைச் சாத்துங்கள்.

"காந்தள் பூ படம் ஸ்டேட்டஸ் வைக்கலாமா?"

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. நம் தோட்டத்து வேலியிலும் தானாக முளைக்கிறது, மலையாளத்தில் மேந்தோன்னி. கிழங்கு கடும் விஷம், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். கார்த்திகையில் பூப்பதால் புலிகள் அதைத் தங்கள் தேசியப் பூ ஆக்கினார்கள். இலங்கையில் பள்ளி விளையாட்டுப் போட்டி அலங்காரத்தில் இந்தப் பூ இருந்ததற்கே போலீஸ் விசாரித்திருக்கிறது. இங்கே பூவுக்கு வழக்கு கிடையாது. பூவோடு என்ன எழுதுகிறாய் என்பதுதான் பிரச்சினை, அதற்கு மேலே உள்ள பதிலைப் பார்.

"திருக்கார்த்திகை விளக்கும் இதுவும் ஒண்ணா?"

இல்லை. இரண்டும் சில வருஷம் பக்கத்துப் பக்கத்து நாளில் வரும். 2020-இல் நவம்பர் 29 திருக்கார்த்திகை. அன்று யாழ்ப்பாணத்தில் கோயில் வழக்கத்துக்கு வாசலில் விளக்கு வைத்தவர்களையும் மிரட்டினார்கள். நீங்கள் தைரியமாக வாசலில் வையுங்கள்.

"பிரபாகரன் உயிரோட இருக்கார்னு டிவியில சொன்னாங்களே?"

2023 பிப்ரவரியில் பழ. நெடுமாறன் தஞ்சாவூரில் அப்படிச் சொன்னார். இலங்கை இராணுவம் உடனே மறுத்தது. 2009 மே மாதம் நந்திக்கடல் பக்கம் அவர் செத்துவிட்டார். இதைப் பற்றி மேலே பேச எனக்கு ஆர்வம் இல்லை.

"என் அக்கா மகன் கடைசி நாள்ல சரணடைஞ்சான், இன்னும் தகவல் இல்ல. அவனுக்கு 27-ஆம் தேதி விளக்கு வைக்கலாமா, கூடாதா?" (மூன்றாம் லயத்துப் பெரியம்மா)

2009 மே 18-ஐ ஒட்டி வட்டுவாகல் பாலத்தடியில் நிறையப் போராளிகள் குடும்பத்தின் கண் முன்னால் இராணுவத்திடம் சரணடைந்தார்கள். பிரான்சிஸ் ஜோசப் என்ற பாதிரியார் கூடவே போனார். பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஏறியவர்களில் பலரைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் வாசலில் உட்கார்ந்து போராட ஆரம்பித்தார்கள். முடிவு தெரியாமலே பலர் இறந்துவிட்டார்கள். அரசு காணாமல் போனோர் அலுவலகம் அமைத்து, இழப்பீடும் சான்றிதழும் தருகிறோம் என்றது. வாங்கினால் பிள்ளை செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல தாய்மார் மறுத்துவிட்டார்கள். அதே காரணத்தால் அவர்களில் பலர் 27-ஆம் தேதி விளக்கு ஏற்றுவதில்லை. இன்னும் சிலர் காத்திருந்து களைத்துப்போய் ஏற்றுகிறார்கள்.

மே 18-இல் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவது வேறு. அது கடைசி மாதங்களில் அரிசியும் உப்பும் மட்டும் போட்டுக் குடித்து, ஷெல்லடியில் செத்த பொதுமக்களுக்காக. அதில் கலந்துகொள்ள யாரையும் செத்தவராக அறிவிக்க வேண்டியதில்லை. பெரியம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், கிளிநொச்சிக்குப் போன் போட்டு அக்காவிடம் கேளுங்கள், அவர் வைக்கிறேன் என்றால் நீங்களும் வையுங்கள், வைக்கவில்லை என்றால் மே மாதம் கஞ்சி காய்ச்சுவோம், அரிசி நான் கொண்டுவருகிறேன்.